“அவைகளெல்லாவற்றிலும் நின்று”: மாண்டலேயிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

மகளே, உன் கேள்வியை முதலில் எழுதிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் அது தெரியவேண்டும்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம் மாண்டலே குலுங்கியபோது நீயும் அம்மாவும் தெருவில் இருந்ததால் தப்பினீர்கள். அண்ணன் வேலை பார்த்த கட்டடம் இடிந்தது; அவன் திரும்பி வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு ஆராதனையில், சாட்சி நேரத்தில் ஒருவர் எழுந்து, தன் குடும்பத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று சொல்லி, நீதிமானைக் கர்த்தர் எல்லாத் துன்பங்களிலிருந்தும் விடுவிப்பார் என்கிற சங்கீதம் 34:19-ஐ வாசித்தார். சபையார் எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். உன்னால் சொல்ல முடியவில்லை. “அப்படியானால் என் அண்ணன் நீதிமான் இல்லையா ஐயா? கர்த்தர் விடுவிப்பார் என்பதை நம்பித்தான் நாங்கள் இருந்தோம். இனி எதை நம்பிப் பயமில்லாமல் படுப்பது?” என்று கேட்டிருக்கிறாய். அம்மா இன்னும் வீட்டுக்குள் படுக்க மறுக்கிறார், அது அவிசுவாசமா என்றும் கேட்டிருக்கிறாய்.

நான் போதகர் இல்லை. ரங்கூனில் நாற்பது வருடமாக ஞாயிறு பள்ளியும் வேதபாடமும் நடத்தி வருகிறவன். உன் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பலர் கேட்டிருக்கிறார்கள். நர்கீஸ் புயல் 2008 மே மாதம் ஐராவதி டெல்டாவை அழித்துப்போன பிறகு அதையே நானும் கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன்.

முதலில் அண்ணன். அந்த மதியம் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக மசூதிகளில் கூடியிருந்தவர்கள் செத்தார்கள். மடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிக்குகள் செத்தார்கள். நாடு முழுவதும் 3,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சகாயிங் பிளவு நம் நாட்டின் நடுவே வடக்கு தெற்காக ஓடுகிறது. பூமியின் இரண்டு பாளங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரும் இடம் அது. பல காலமாகச் சேர்ந்த இறுக்கம் அன்று 7.7 அளவில் உடைந்தது. எகிப்தில் எந்த வீட்டு நிலைக்காலில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசியிருக்கிறது என்று பார்த்துக் கடந்துபோன சங்காரதூதன் அல்ல அது.

கட்டடம் விழுந்து செத்தவர்களைப் பற்றி இயேசு நேராகவே பேசியிருக்கிறார். லூக்கா 13-ஆம் அதிகாரம். எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்திருந்தார்கள். அந்த ஊரில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, “அப்படியல்ல” என்று அவரே பதிலும் சொல்லுகிறார். அதன்பின் அவர் மனந்திரும்பச் சொல்வது உயிரோடு எதிரே நிற்கிறவர்களை. செத்தவர்களை அவர் விசாரிக்கவே இல்லை. நம் சபைகளில் இந்தப் பகுதியை யாரும் சாட்சி நேரத்தில் வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும். உன் அண்ணனின் நீதியைக் கட்டடம் விழுந்ததை வைத்து அளக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. அந்த உரிமை இருந்த ஒருவர் அப்படி அளக்க மறுத்துவிட்டார்.

இனி அந்த வசனம். “நீதிமானுக்கு வரும் துன்பங்கள் அநேகமாயிருக்கும், கர்த்தர் அவைகளெல்லாவற்றிலும் நின்று அவனை விடுவிப்பார்.” சாட்சி சொன்னவர் பின்பாதியைப் பிடித்துக்கொண்டார். முன்பாதி என்ன சொல்கிறது? நீதிமானுக்குத் துன்பம் வந்தாலும் வரலாம் என்றுகூட இல்லை. அநேகமாயிருக்கும் என்கிறது. ஒரு கீறலும் இல்லாத வீட்டுக்கு எழுதின வசனமாக அது எனக்குத் தெரியவில்லை.

இதில் தமிழ் படிக்கிற நமக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். “எல்லாவற்றிலும் நின்று” என்பதை இன்றைக்கு வாசிக்கிறவர்கள், கர்த்தர் நம் துன்பங்கள் எல்லாவற்றிலும் கூடவே நின்றுகொண்டு விடுவிப்பார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நானும் சிறுவயதில் அப்படித்தான் எண்ணினேன். ஒரு ஆள் நம் பக்கத்தில் நிற்பதுபோல ஒரு படம் மனதில் இருந்தது. உண்மையில் இது பழைய நடை. “மலையினின்று வீழ் அருவி” என்பது போல, நீங்கலைக் காட்டும் ஐந்தாம் வேற்றுமையோடு வருகிற சொல்லுருபு அது. எபிரெயத்தில் “மிக்குல்லாம்” என்று ஒரே சொல்லாக இருக்கிறது. எல்லாவற்றிலிருந்தும் என்று பொருள். ஆகவே இந்த இடத்தில் “நின்று” என்பது நிற்பதைக் குறிக்கவில்லை.

இது தெரிந்த அன்று எனக்கு ஒரு ஏமாற்றம் இருந்தது. ஆனால் அந்தப் படம் பொய்யாகிவிடவில்லை; வேதத்தில் வேறு இடங்களில் அது வெளிப்படையாகவே இருக்கிறது. இதே சங்கீதத்தில் இதற்கு முந்தின வசனத்தைப் பார்: நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருக்கிறார். சங்கீதம் 91:15-க்குப் போ: “ஆபத்தில் நானே அவனோடிருந்து, அவனைத் தப்புவித்து, அவனைக் கனப்படுத்துவேன்.” அங்கே வரிசையைக் கவனி. கூட இருப்பது முதலில் வருகிறது, தப்புவிப்பது அதன் பின்னே வருகிறது. நாம் தப்பிய பிறகுதான் அவர் கூட இருந்தார் என்று முடிவு கட்டுகிறோம். சங்கீதக்காரன் அப்படிக் கணக்குப் போடவில்லை.

சங்கீதம் 34 எந்த வேளையில் பாடப்பட்டது என்று அதன் தலைப்பே சொல்கிறது. தாவீது சவுல் ராஜாவுக்குப் பயந்து ஓடி, பகைவரான பெலிஸ்தரின் காத் ஊருக்குப் போய், அங்கே தன்னை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று தெரிந்ததும் பித்தங்கொண்டவன்போல் நடித்தான். கதவுகளில் கீறினான், தாடியில் வாயின் நுரை ஒழுகவிட்டான். துரத்திவிட்டார்கள். அங்கிருந்து அதுல்லாம் குகைக்குப் போனான். 1 சாமுவேல் 21, 22-ஆம் அதிகாரங்களில் இருக்கிறது. அவன் பெற்ற விடுதலை இவ்வளவுதான்: வாயில் எச்சில், தலைக்குமேல் ஒரு குகை, சுற்றிலும் கடன்பட்டவர்களும் மனமுறிந்தவர்களுமாக நானூறு பேர்.

ஆனால் உனக்காக நான் நிறுத்திக் காட்ட விரும்புவது அதற்கு அடுத்து வருவதை. தாவீது தப்பி ஓடும் வழியில் நோபு ஊரில் ஆசாரியன் அகிமெலேக்கிடம் அப்பம் வாங்கிச் சாப்பிட்டான். அதற்காகச் சவுல் ஆள்விட்டு அந்த ஊர் ஆசாரியர்கள் எண்பத்தைந்து பேரை வெட்டிப்போட்டான். ஏபோத்து தரித்தவர்கள், கர்த்தருடைய வேலையில் இருந்தவர்கள். குழந்தைகளையும் விடவில்லை. தாவீது தப்பினான், அவனுக்கு அப்பம் கொடுத்தவர்கள் தப்பவில்லை. அந்தக் குடும்பத்தில் மிஞ்சின ஒரே மகன் அபியத்தார் ஓடிவந்து செய்தி சொன்னபோது, தாவீது சாட்சி சொல்லவில்லை. உன் தகப்பன் வீட்டார் எல்லாருடைய மரணத்துக்கும் நான் காரணமானேன் என்றான். பிறகு: “நீ என்னிடத்தில் இரு, பயப்படவேண்டாம்.”

உன் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அன்று காலை வேலைக்குப் போக அண்ணனுக்கு மனமில்லை, நீதான் சம்பளம் பிடிப்பார்கள் என்று சொல்லி அனுப்பினாய் என்று. அந்த வரியை நீ வேகமாக எழுதிக் கடந்துவிட்டாய். நான் கடக்கவில்லை. அனுப்பினது நீதான், ஆனால் எந்தக் கட்டடம் எப்போது விழும் என்று உனக்குத் தெரியாது. தாவீதுக்காவது நோபுவில் சவுலின் ஆள் தோவேக்கு நின்றது தெரிந்திருந்தது, போய்ச் சொல்லுவான் என்ற சந்தேகமும் இருந்தது. அப்படிப்பட்டவனையும் கர்த்தர் தள்ளிவிடவில்லை.

அடுத்த வசனத்துக்கு வருவோம், 20. அவனுடைய எலும்புகளையெல்லாம் அவர் காப்பாற்றுகிறார், அவைகளில் ஒன்றும் முறிக்கப்படுவதில்லை. இடிபாட்டிலிருந்து அண்ணனை எடுத்ததைப் பார்த்தவள் நீ. இந்த வரியைக் கேட்க உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த வரி புதிய ஏற்பாட்டில் எங்கே போய் நிற்கிறது என்று பார். யோவான் 19. சிலுவையில் தொங்கினவர்களின் காலெலும்புகளை முறிக்கப் போர்ச்சேவகர் வந்தார்கள். இயேசுவை ஏன் முறிக்கவில்லை? அவர் ஏற்கெனவே மரித்திருந்தார். எலும்பை முறிக்கக்கூடாது என்று பஸ்கா ஆட்டைப் பற்றின கட்டளையும் இந்தச் சங்கீதமும் அங்கே, ஒரு பிணத்தில் நிறைவேறின. நீதிமான் என்று சொல்லத் தகுந்த ஒரே ஒருவருக்கு இந்த வாக்குத்தத்தம் சாவைத் தடுத்து நிறைவேறவில்லை. சாவுக்குள் அவர் போனார். எல்லாவற்றிலும் நின்று விடுவிப்பார் என்பது மூன்றாம் நாள் விடியலில் உண்மையாயிற்று. அந்த இரண்டு இரவுகளும் அவருடைய தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? வேதம் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதனால்தான் பவுல் எழுதினதை நான் உன்னைப்போன்றவர்களுக்கு அடிக்கடி காட்டுகிறேன். 2 கொரிந்தியர் 1. ஆசியாவில் தங்களுக்கு நேர்ந்த உபத்திரவத்தில், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று ஒளிக்காமல் சொல்கிறார். அதன்பின்: “அப்படிப்பட்ட மரணத்தினின்றும் அவர் எங்களைத் தப்புவித்தார், இப்பொழுதும் தப்புவிக்கிறார், இன்னும் தப்புவிப்பார்.” மூன்று காலங்கள். இதற்கு முந்தின வசனத்தில், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கையாயிருக்கவே இது நடந்தது என்கிறார். நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் முதல் காலம் மட்டும். மேடையில் ஏறிச் சொல்ல அதுதான் வசதி. உன் அண்ணனுக்கு இப்போது மிச்சமிருப்பது மூன்றாவது காலம். அது மற்ற இரண்டையும்விடச் சிறியதல்ல. பவுல் தான் நிற்கிற இடமாக எண்ணியது அதைத்தான்.

மாண்டலேக்காரி உனக்கு ஆவா தூரமில்லை. அந்தப் பழைய தலைநகரத்தை 1839-இல் ஒரு நிலநடுக்கம் பாழாக்கியது. இந்தத் தடவை 1934-இல் கட்டின ஆவா பாலமும் ஐராவதியில் விழுந்தது. அந்த ஆவாவில்தான் 1824 ஜூனில் அதோனிராம் ஜட்சன் என்ற மிஷனரியைச் சிறையில் போட்டார்கள். ஆங்கிலேயருக்கும் பர்மா அரசருக்கும் போர் மூண்டிருந்தது. ஜட்சன் அமெரிக்கர். வெள்ளைக்காரர் எல்லாரும் உளவாளிகள் என்ற சந்தேகம். இரவானால் கைதிகளின் விலங்கிட்ட கால்களுக்குள் ஒரு மூங்கிலைக் கோத்து மேலே தூக்கிவிடுவார்கள். தோளும் தலையும்தான் தரையில் படும். அவர் மொழிபெயர்த்துவைத்திருந்த பர்மிய புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் கொடுத்தார். கைதிகளைத் திடீரென்று இடம் மாற்றினபோது காவலன் மேலுறையைப் பிடுங்கிக்கொண்டு பஞ்சுமூட்டையை வெளியே எறிந்தான். ஒரு பர்மிய விசுவாசி அதை ஜட்சனின் ஞாபகமாக எடுத்துப்போய் வைத்தார். பல மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் பிரதி சேதமில்லாமல் உள்ளே இருந்தது.

இந்தக் கதையை எல்லாச் சபையிலும் சொல்வார்கள். இதோடு நிறுத்திவிடுவார்கள். நான் மிச்சத்தையும் சொல்கிறேன். இடம் மாற்றினது உங்கள் ஊர்ப் பக்கம், அவுங்பின்லே. சுடுமணலில் வெறுங்காலோடு நடத்திக்கொண்டு போனார்கள். கைக்குழந்தையோடு பின்னாலேயே வந்த ஆன், நோயில் விழுந்தார். பால் வற்றிப்போயிற்று. காவலருக்கு ஆன் கையூட்டு கொடுத்து அனுமதி வாங்க, ஜட்சன் வெளியே வந்து, கால்விலங்கோடு அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிராமத்தில் வீடுவீடாகப் போய், பால்கொடுக்கிற தாய்மாரிடம் கேட்டார். அந்தத் தாய்மார் கொடுத்தார்கள். அவர்களுடைய பெயர் ஒன்றும் நமக்கு வந்துசேரவில்லை. மார்ச் 28-க்குப் பிறகு கடப்பாரைகூட இல்லாமல் வெறுங்கையால் செங்கல்லை அள்ளின உங்கள் தெருக்காரர்களைப் பற்றி நீ எழுதியிருந்தாய். அதை வாசித்தபோது எனக்கு அவுங்பின்லே தாய்மார்தான் நினைவுக்கு வந்தார்கள். விடுவிக்கிற கர்த்தருடைய கை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட கைகளாகத்தான் வருகிறது. அவை எந்த மதத்துக் கைகள் என்று அவர் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜட்சன் விடுதலையானார். 1826 பிப்ரவரியில் போர் முடிந்தது. அதே வருடம் அக்டோபரில், அவர் வேறு ஊரில் இருந்தபோது, ஆன் ஆம்ஹர்ஸ்டில் காய்ச்சலில் இறந்தார். ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளையும் போயிற்று. தலையணைக்குள் இருந்த காகிதம் தப்பியது, அதைத் தைத்தவள் தப்பவில்லை. ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. பதில் இருப்பதாகச் சொல்கிறவர்களிடம் நான் அதிகநேரம் உட்காருவதில்லை. ஜட்சன் அதற்குப்பின் நொறுங்கிப்போனார். காட்டில் குடிசை போட்டுத் தனியே இருந்தார், தனக்கென்று ஒரு குழி வெட்டி அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஆன் இறந்து மூன்று வருடம் ஆன நாளில், கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் காணமுடியவில்லை என்று எழுதினார். பர்மிய வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்தது அதற்கும் பிறகு, 1834-இல். இன்றும் பர்மிய சபைகளில் பெரும்பாலும் வாசிப்பது அதைத்தான்.

ஆகவே, அவரைக் காணமுடியவில்லை என்று உனக்குத் தோன்றினால் அதை ஜெபமாகவே சொல். சங்கீதம் 88 அப்படித்தான் இருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் கடைசியில் ஒரு துதியாவது நம்பிக்கையாவது வரும். இதில் வராது, இருட்டிலேயே முடியும். அதையும் வேதத்தில் சேர்த்து நம் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

எரிகிற சூளையில் போடுவேன் என்று மிரட்டின ராஜாவுக்குத் தானியேலின் சிநேகிதர் மூவரும் சொன்ன பதிலை நீ ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பாய். எங்கள் தேவன் விடுவிப்பார் என்கிறார்கள்; மூச்சு விடுவதற்குள் “விடுவிக்காமற்போனாலும்” என்கிறார்கள். முதலாவது வலிமையான விசுவாசம், இரண்டாவது பலவீனமான விசுவாசம் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். எனக்கு ஒப்பவில்லை. இரண்டையும் சொன்னது ஒரே வாய். விடுதலை எந்த வடிவில் வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. அதைத் தருகிறவர் யார் என்று தெரியும். நீ கேட்கிற பாதுகாப்பு அந்தத் தெரிதலில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இதை நான் வேதத்தில் வாசித்ததற்கு முன்னே என் பாட்டியிடம் பார்த்தேன்.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். இலட்சக்கணக்கான இந்தியர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள், கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தே. பாட்டி மூன்று பிள்ளைகளோடு புரோம் வழியாக அரக்கான் மலையைத் தாண்டி டவுங்குப்புக்கு நடந்தார். தண்ணீர் கிடையாது, வழியெல்லாம் காலரா. மூன்றாவது பிள்ளை, இரண்டு வயதுப் பையன், மலைமேலேயே போய்விட்டான். தாத்தா கையாலும் சட்டியாலும் மண்ணைத் தோண்டினார். நின்று அழ நேரமில்லை, பின்னால் ஜனம் வந்துகொண்டிருந்தது. யுத்தம் முடிந்து ரங்கூனுக்குத் திரும்பி வந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். 1964-இல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டு, தமிழர் கப்பல் கப்பலாகத் தமிழ்நாட்டுக்குப் போனபோதும் பாட்டி போகவில்லை. பிள்ளையை இந்த மண்ணில் வைத்திருக்கிறேன் என்றார்.

பாட்டி சபையில் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய சாட்சி வீட்டு ஜெபத்தில்தான் இருந்தது. ராத்திரி விளக்கை இறக்கிவிட்டு மூன்று பிள்ளைகளின் பெயரையும் சொல்வார். என் அப்பாவுக்காகவும் அத்தைக்காகவும் காப்பாற்றும், புத்தி கொடும், வேலை கொடும் என்று நீளமாகக் கேட்பார். மூன்றாவது பெயரைச் சொல்லி, “வைத்திரும்” என்று மட்டும் சொல்வார். சின்ன வயதில் அது எனக்குப் புரியவில்லை. கொடுத்து வைத்த பொருளைப் பற்றிக் கடைக்காரரிடம் சொல்கிற மாதிரி இருக்கும். அந்த ஒரு சொல்லில் கோபமும் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது, என்றைக்காவது வந்து வாங்கிக்கொள்வேன் என்பதும் இருந்தது. உன் அண்ணன் பெயரை ஜெபத்தில் இனிச் சொல்லக்கூடாது என்று யாரோ உன்னிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். செத்தவர்களின் இரட்சிப்புக்காக நம் சபையில் ஜெபிப்பதில்லை, சரி. ஆனால் தேவனிடத்தில் ஒரு பெயரைச் சொல்லி அழுவதை அந்த உபதேசம் தடுக்கவில்லை.

சாட்சி சொன்னவர்மேல் கசப்பு வேண்டாம். அவர் பயந்துபோயிருக்கிறார். ஒரு கீறல்கூட இல்லை என்பதைச் சத்தமாகச் சொன்னால்தான் அவருக்கு நடுக்கம் நிற்கிறது. ஆனால் மூப்பர்களிடம் போய், இழந்தவர்களுக்கும் ஞாயிறில் ஒரு நேரம் கொடுங்கள், பேசாமல் உட்கார்ந்திருக்கவாவது கொடுங்கள் என்று கேள். நீ கேட்கத் தயங்கினால் சொல், நான் அவர்களுக்கு எழுதுகிறேன்.

கடைசியாக அம்மா. வீட்டுக்குள் படுக்க மறுப்பது அவிசுவாசம் இல்லை. தாவீது குகைக்குள் ஓடினான். யோசேப்பு இராத்திரியோடு இராத்திரியாகப் பிள்ளையை எடுத்துக்கொண்டு எகிப்துக்குப் போனான். ஓடச் சொன்னதே தேவதூதன்தான். பெரிய நடுக்கத்துக்குப் பின் மாதக்கணக்கில் சிறு நடுக்கங்கள் வந்துகொண்டிருக்கும், அம்மாவின் உடம்புக்கு அது தெரியும். வற்புறுத்தி உள்ளே கூட்டிக்கொண்டு போகாதே, வசனம் சொல்லியும் கூட்டிப்போகாதே. வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவர் விரிசல்களையும் தூண்களையும் பார்க்கச் சொல். அவர் சரி என்று சொல்லும்வரைக்கும் நீயும் உள்ளே படுக்காதே. அம்மாவின் பாயைத் திண்ணையிலிருந்து தள்ளி, சுவர் விழுந்தாலும் எட்டாத இடத்தில் போடு. செருப்பும் டார்ச்சும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கட்டும். கொசுவலையைக் கட்டிவிட்டு நீயும் பக்கத்திலேயே படுத்துக்கொள். அண்ணன் பெயரை அம்மா முதலில் சொல்லட்டும்.